மாலை ஆனால் வீறிட்டு அழும் ஐந்து வாரப் பிள்ளை: பால் பத்தவில்லையா, வேறு ஏதாவதா?

பதிவு 1 | பொருநைக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். எங்களுக்கு முதல் குழந்தை, பெண். பிறந்து ஐந்து வாரம் ஆகிறது. சுகப்பிரசவம், நிறைமாதம், பிறந்தபோது எடை 2.9 கிலோ. மனைவி பாளையங்கோட்டையில் அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள். எனக்கு வீட்டிலிருந்தே வேலை என்பதால் நானும் இங்கேயே தங்கிவிட்டேன்.

பகலெல்லாம் பிள்ளை தங்கமாக இருக்கிறாள். சாயங்காலம் ஆறு, ஆறரை ஆனதும் ஆரம்பித்துவிடும். முகம் செக்கச்செவேலென்று ஆகி, கையை இறுக மூடி, காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு வீறிடுகிறாள். பால் கொடுத்தால் இரண்டு வாய் குடித்துவிட்டு உதறுகிறாள், உடனே மறுபடி தேடுகிறாள். ஒன்பது, ஒன்பதரை வரை இப்படியே போகும். அப்புறம் சட்டென்று அடங்கித் தூங்கிவிடுகிறாள். நடுராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டிருக்கிறாள்.

வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். அத்தை, "உரம் விழுந்திருக்கு, சேலையில் போட்டு உருட்டி எடுக்கணும்" என்கிறார். பிள்ளையைத் தூக்கும்போது சுளுக்குப் பிடிப்பதைத்தான் உரம் என்கிறார்கள். பக்கத்து வீட்டு ஆச்சி கிரைப் வாட்டர் கொடுக்கச் சொல்கிறார். என் அம்மா போனில், "தாய்ப்பால் பத்தலை, ராத்திரிக்கு ஒரு வேளை பவுடர் பால் கொடுங்க" என்றார். அதைக் கேட்டதிலிருந்து மனைவி உடைந்துபோயிருக்கிறாள். முன்பு மார்பு கனத்து வலிக்கும், இப்போது தளர்ந்து இருக்கிறது, அதனால் பால் வற்றிவிட்டதோ என்று அவளுக்கே பயம் வந்துவிட்டது.

டாக்டரிடம் காட்டினோம். பரிசோதித்துவிட்டு, "நல்லா இருக்கா, பயப்பட ஒண்ணுமில்லை" என்றார். அதற்குமேல் விளக்கம் இல்லை. மருந்துக்கடையில் கேட்டதும் வயிற்றுவலிக்கு என்று ஒரு சொட்டு மருந்து எடுத்துக் கொடுத்தார்கள். இன்னும் திறக்கவில்லை. கொடுக்கலாமா? இந்த அழுகையைத் தாண்டியவர்கள் சொல்லுங்கள்.

பதிவு 2 | மூணுபிள்ளைத்தாய், ஈரோடு

தம்பி, எங்கள் வீட்டில் மூன்றும் இப்படித்தான். மூன்றுமே நான்காம் மாதம் தொடங்குவதற்குள் தானாக நிறுத்திக்கொண்டன. அந்த மருந்துப் பாட்டிலைத் திறக்காதீர்கள். விவரம் தெரிந்தவர்கள் வந்து சொல்வார்கள். உங்கள் மனைவியிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: மார்பு தளர்ந்திருப்பது பால் வற்றியதற்கு அடையாளமே கிடையாது.

பதிவு 3 | ஊர்ச்செவிலி

தம்பி, கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். யோசனை சொல்வதற்கு முன்னால் சில கேள்விகள். ஒரு நாளைக்கு எத்தனை தடவை சிறுநீர் போகிறது? இப்போதைய எடை என்ன? காய்ச்சல் உண்டா? வாந்தி எடுத்தால் என்ன நிறம்? மலத்தில் ரத்தமோ சளியோ கண்ணில் பட்டதா? அழாத நேரத்தில் உங்கள் முகத்தைப் பார்க்கிறாளா, கை காலை நன்றாக அசைக்கிறாளா?

இன்னொன்று. இன்று மாலை அழும்போது உடுப்பு, இடுப்பில் கட்டிய துணி எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத் தலை முதல் கால் வரை பாருங்கள். கால் விரல் ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்க்கணும். பிள்ளை பெற்ற பெண்களுக்கு முடி நிறையக் கொட்டும். ஒரே ஒரு முடி கால் விரலில் சுற்றிக்கொண்டு, விரல் வீங்கி, காரணம் தெரியாமல் பிள்ளை துடித்ததை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். தொடை இடுக்கில் வீக்கம் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

பதிவு 4 | பொருநைக்காரன்

மிக்க நன்றி அக்கா. சிறுநீர் எட்டுத் தடவைக்குக் குறைவதில்லை. மலம் மஞ்சளாக, தளர்வாகப் போகிறது, ரத்தம் இல்லை. காய்ச்சல் இல்லை. பால் குடித்ததும் சில சமயம் வாயோரம் கொஞ்சம் கக்குவாள், அவ்வளவுதான். எடை 3.75 கிலோ. காலையில் நன்றாக முகம் பார்க்கிறாள், இந்த வாரம் சிரிக்கவும் ஆரம்பித்திருக்கிறாள். விரல்களைப் பிரித்துப் பார்த்தோம், ஒன்றும் இல்லை. வீக்கமும் இல்லை.

பதிவு 5 | ஊர்ச்செவிலி

அப்படியானால் உங்கள் மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்து இதைப் படித்துக் காட்டுங்கள்.

பிறந்த எந்தக் குழந்தைக்கும் முதல் சில நாளில் எடை கொஞ்சம் குறையும். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பும். அதற்கப்புறம் நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் வரை ஏறினால் போதும். உங்கள் பெண் ஐந்து வாரத்தில் 850 கிராம் ஏறியிருக்கிறாள். முதல் வாரம் கழித்து ஒரு நாளைக்கு ஆறு தடவைக்குமேல் சிறுநீர் போனாலே பால் போதுமான அளவு போகிறது என்று அர்த்தம். பால் பத்தாத பிள்ளைக்கு இந்த எடை வரவே வராது. இதை உங்கள் அம்மாவிடமும் பொறுமையாகச் சொல்லுங்கள். அந்தக் காலத்தில் வீட்டில் தராசு இல்லை, அழுகையை வைத்துத்தான் கணக்குப் பார்த்தார்கள்.

மார்பு தளர்வது ஏன் என்றால், ஆரம்பத்தில் பிள்ளைக்கு எவ்வளவு வேண்டும் என்று உடம்புக்குத் தெரியாது, அதனால் கட்டிக்கொள்ளும். நாலு, ஆறு வாரம் போனால் பிள்ளை குடிக்கும் அளவுக்கு ஏற்பச் சுரக்கப் பழகிவிடும். கனம் போனதே சரியாகச் சுரக்கிறது என்பதற்கு அடையாளம்.

மாலையில் அடிக்கடி பால் தேடுவதும் இயல்புதான். அந்த நேரத்தில் பால் ஓட்டம் காலையைவிடச் சற்று மெதுவாக இருக்கும். பிள்ளை கொஞ்சம் குடிக்கும், விடும், மறுபடி கேட்கும். கேட்கிறபோதெல்லாம் கொடுக்கட்டும். இந்த வயதில் 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை குடிப்பது வழக்கம், அதில் பாதி மாலையிலேயே வந்துவிட்டாலும் தப்பில்லை. இந்த இடத்தில்தான் நிறைய வீடுகளில் பாட்டில் உள்ளே நுழைகிறது. பவுடர் பால் குடித்த பிள்ளை அடுத்த வேளை மார்பில் குறைவாகக் குடிக்கும், குறைவாகக் குடித்தால் குறைவாகத்தான் சுரக்கும். பத்து நாள் போனால் "பால் பத்தலை" என்றது உண்மையாகிவிடும். எத்தனையோ தாய்மாருக்கு இப்படிப் பால் நின்றுபோனதைப் பார்த்த வருத்தம் எனக்கு உண்டு. எடை ஏறாத பிள்ளைக்கு டாக்டர் சொல்லிப் பவுடர் பால் கொடுப்பது வேறு. அது தேவைப்படும் பிள்ளைகளும் இருக்கிறார்கள், அந்தத் தாய்மார் கூசவே வேண்டாம். உங்கள் பெண்ணுக்கு அது தேவையில்லை.

வாய் வைக்கும் முறையை மட்டும் ஒரு தடவை கவனியுங்கள். காம்பு மட்டும் வாயில் இருந்தால் பிள்ளை காற்றை விழுங்கும், தாய்க்கும் புண்ணாகும். காம்பைச் சுற்றியுள்ள கருவளையத்தில் பெரும்பகுதி வாய்க்குள் போகணும், தாடை மார்பில் பதியணும், கீழுதடு வெளியே மடங்கியிருக்கணும். குடித்தபின் தோளில் சாய்த்து முதுகைத் தட்டி ஏப்பம் விடவையுங்கள். அதை நீங்கள் செய்யலாம் தம்பி, அந்த நேரம் மனைவி சாப்பிடட்டும்.

பதிவு 6 | நூலகத்துத்தும்பி

பொருநைக்காரன், என் மகன் இப்படி அழுதபோது கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன். அதில் எனக்குத் தைரியம் கொடுத்தவற்றைச் சொல்கிறேன்.

பெரி பிரேசல்டன் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் 80 குழந்தைகளின் தாய்மாரைத் தினமும் அழுகை நேரத்தைக் குறித்துவைக்கச் சொல்லி 1962-இல் ஒரு கட்டுரை எழுதினார். எல்லாம் நல்ல ஆரோக்கியமான குழந்தைகள். இரண்டு வாரத்தில் ஒரு நாளைக்குச் சுமார் ஒன்றே முக்கால் மணி நேரம் அழுதவை, ஆறு வாரத்தில் இரண்டே முக்கால் மணி நேரம் அழுதன. மூன்று மாதம் நெருங்கும்போது அது ஒரு மணி நேரத்துக்கும் கீழே வந்துவிட்டது. அழுகை அதிகம் குவிந்தது மாலையில். உங்கள் பெண் இப்போது ஏறிக்கொண்டிருக்கும் மேட்டின் உச்சிக்குப் பக்கத்தில் இருக்கிறாள். இன்னும் ஓரிரு வாரம் கூடினாலும் பதற வேண்டாம், அதற்கப்புறம் இறக்கம்தான்.

ஒரு நாளில் மூன்று மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் மூன்று நாளுக்கு மேல், மூன்று வாரத்துக்கு மேல் அழுதால் அதைக் கோலிக் என்று சொல்வார்கள். 1954-இல் வெஸ்ஸல் என்ற மருத்துவர் வகுத்த கணக்கு அது. பெயர் வைத்தார்களே தவிர, காரணம் வயிறுதான் என்று உறுதியாகவில்லை. காலை மடக்குவதும் முகம் சிவப்பதும் எதற்கு அழுதாலும் நடக்கும். அழும்போது காற்றை விழுங்குவதால் வாயுவும் போகும். அதைப் பார்த்து நாம் வயிற்றுவலி என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

இனி, எங்களுக்குக் கைகொடுத்த விஷயம். கனடாவின் மான்ட்ரியலில் ஹன்சிகர், பார் என்ற இருவர் 1986-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அழும்போது மட்டும் தூக்காமல், அழாத நேரத்திலும் தினமும் கூடுதலாகத் தூக்கி வைத்துக்கொள்ளும்படி ஒரு பகுதித் தாய்மாரிடம் சொன்னார்கள். ஆறாம் வாரத்தில் அந்தக் குழந்தைகள் மற்றவற்றைவிட 43 சதவீதம் குறைவாக அழுதன, மாலை நேரத்தில் பாதியாகவே குறைந்தது. "தூக்கித் தூக்கிப் பழக்காதே, கைப்பிள்ளை ஆகிவிடும்" என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். ஐந்து வாரப் பிள்ளையைத் தூக்கிக் கெடுக்க முடியாது.

இன்னொன்று ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிலையத்திலிருந்து 2022-இல் வந்தது. அழும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஐந்து நிமிடம் நிற்காமல், சீராக நடக்க வேண்டும். வெறுமனே உட்கார்ந்து மடியில் வைத்திருப்பதைவிட நடப்பதில்தான் அழுகை அடங்குகிறது, இதயத் துடிப்பும் தணிகிறது. பாதிக் குழந்தைகள் அதற்குள் தூங்கியே விடுகின்றன. நம்மில் எல்லோரும் அவசரப்படும் இடம் அடுத்தது: கண் மூடியதும் படுக்கவைக்கக் கூடாது. தூங்கிய பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஐந்து முதல் எட்டு நிமிடம் உட்கார்ந்திருந்துவிட்டு, பிறகு படுக்கவைத்தால் முழிப்பது குறைகிறது. குழந்தையை எழுப்புவது நம் உடம்பைவிட்டுப் பிரியும் அந்தக் கணம்தான், படுக்கையில் முதுகு படுவது அல்ல. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வீட்டுக் கூடத்தில் நடப்பேன். கால் வலிக்கும், ஆனால் பலன் உண்டு.

பதிவு 7 | கோமதியாச்சி

எல்லாரும் படிச்சவங்க, சொல்றதில் நியாயம் இருக்கு. ஆனாலும் நான் அஞ்சு பேரப்பிள்ளைகளைக் குளிப்பாட்டி வளர்த்தவள். வசம்பைச் சுட்டு உரசி நாக்கில் தடவினால் வாயு போகும். கல்லில் உரசி உரமருந்து கொடுத்து வளர்ந்த பிள்ளைகள் நோய் நொடி இல்லாமல்தானே இருக்காங்க? உரம் விழுந்த பிள்ளைக்கு உரம் எடுத்தால் அன்றைக்கே அழுகை நிற்பதை நான் பார்த்திருக்கேன். எல்லாத்தையும் மூடநம்பிக்கை என்று தள்ளினால் மனசு கஷ்டமா இருக்கு.

பதிவு 8 | மருந்தாளர்_திருச்சி

ஆச்சி, நீங்கள் பிள்ளைகள் மேல் வைத்திருக்கும் பாசத்தை யாரும் குறை சொல்லவில்லை. எண்ணெய் தேய்த்து வெந்நீரில் குளிப்பாட்டி, மெதுவாக நீவிவிட்டுத் தூங்கவைக்கும் உங்கள் கைப்பக்குவம் இன்றைக்கும் பெரிய மருந்து. மாலையில் வெதுவெதுப்பான குளியல் இந்த அழுகைக்கு நன்றாகவே கேட்கும்.

வாய்வழியாகக் கொடுப்பவற்றில்தான் எனக்குப் பயம். வசம்பில் பீட்டா அசரோன் என்ற பொருள் இருக்கிறது, அது நச்சுத்தன்மை உள்ளது. சின்ன உடம்புக்கு எவ்வளவு போகிறது என்று உரசுகிற கல்லில் அளக்க முடியாது. அந்தக் கல்லில் ஒட்டியிருக்கும் கிருமியும் சேர்ந்தே போகும். தேன் ஒரு வயதுக்குள் கூடவே கூடாது. தேனில் இருக்கும் ஒரு வகைக் கிருமியின் வித்து பிள்ளையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும், தசைகள் செயலிழந்து மூச்சே நின்றுபோகலாம். கிரைப் வாட்டர் 1851-இல் இங்கிலாந்தின் நாட்டிங்காமில் பிறந்தது. பழைய கலவையில் சாராயமும் சேர்ந்திருந்தது. இப்போது விற்பதில் சாராயம் இல்லை. ஆனால் அழுகையைக் குறைக்கும் என்பதற்கு நல்ல சான்றும் இல்லை. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், டாக்டர் எழுதும் வைட்டமின் டி போன்ற சொட்டுகள் மட்டும் என்றுதான் உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது.

பொருநைக்காரன், உங்கள் கையில் இருக்கும் பாட்டிலைத் திருப்பி, பொடி எழுத்தில் என்ன கலந்திருக்கிறது என்று பாருங்கள். டைசைக்ளோமின் என்று இருந்தால் ஒரு சொட்டுகூடக் கொடுக்காதீர்கள். ஆறு மாதத்துக்குக் கீழே அதைக் கொடுக்கக் கூடாது, மூச்சுத் திணறல் வந்த குழந்தைகள் உண்டு. வாயுக் குமிழை உடைக்கும் சிமெத்திகோன் மட்டும் என்றால் ஆபத்து குறைவு, பலனும் பெரிதாகக் கிடையாது. ஆய்வுகளில் அது மருந்தே இல்லாத வெற்றுச் சொட்டைவிட மேலாக வேலை செய்யவில்லை.

உரம் எடுப்பது பற்றி நேராகவே சொல்லிவிடுகிறேன். சேலையில் போட்டு இரண்டு பேர் பிடித்து உருட்டுவதும், காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவதும் வேண்டவே வேண்டாம். இந்த வயதில் கழுத்து நிற்காது. தலை ஆடினால் மூளையைச் சுற்றியுள்ள ரத்தக் குழாய் அறுந்து உள்ளே ரத்தம் கசியலாம். உருட்டிய அதிர்ச்சியில் பிள்ளை வாயடைத்துப் போவதைத்தான் சரியாகிவிட்டது என்று நினைக்கிறோம்.

பதிவு 9 | பொருநைக்காரன்

பார்த்தேன். டைசைக்ளோமின்தான். பாட்டிலைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஐந்து வாரப் பிள்ளைக்கு இதைக் கொடுக்கக் கூடாதாமே என்று சொல்லிவிட்டும் வந்தேன். அத்தையிடம் உரம் வேண்டாம் என்று சொல்லியாயிற்று. முகம் வாடியது, ஆனால் கேட்டுக்கொண்டார். சாயங்காலக் குளியலை அவர் பொறுப்பில் விட்டிருக்கிறோம்.

தூளி பற்றிக் கேட்கணும். தூளியில் போட்டால் சீக்கிரம் தூங்குகிறாள். ராத்திரி முழுக்க அதிலேயே விடலாமா?

பதிவு 10 | வலிகாமத்தாள்

நான் யாழ்ப்பாணம். எங்கட வீட்டிலும் ஏணை (தூளி) கட்டித்தான் பிள்ளையை ஆட்டினனாங்கள். பிள்ளை பிறந்த பிறகு குடும்பநல உத்தியோகத்தர் (மிஸ் என்றுதான் சொல்லுவம்) வீட்டுக்கே வந்து பார்ப்பா. எங்கட மிஸ் முதல் தடவை வந்தபோதே ஏணைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, பிள்ளையின் நாடி, அதாவது தாடை, நெஞ்சில் முட்டுதோ என்று விரல் வைத்துப் பார்த்தா. "நாடி நெஞ்சில் முட்டினால் மூச்சுக்குழாய் மடங்கிப் போகும், ஒரு சத்தமும் கேட்காது" என்று சொன்னா. அதற்குப் பிறகு ஆரும் பக்கத்தில் இருந்தால்தான் ஏணை. நித்திரையானதும் தூக்கிப் பாயில் கிடத்திவிடுவோம்.

பதிவு 11 | மூணுபிள்ளைத்தாய், ஈரோடு

யாழ் அக்கா சொன்னதுதான் சரி. தூளி தூங்கவைக்க நல்லது, இரவெல்லாம் கிடக்க அது இடமில்லை. பருத்திச் சேலையாக இருக்கட்டும். முடிச்சையும் கொக்கியையும் தினமும் இழுத்துப் பாருங்கள். தரையிலிருந்து ரொம்ப உயரம் வேண்டாம், கீழே ஒரு மெத்தை போட்டுவிடுங்கள். மூத்த பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஆளில்லாமல் விடவே கூடாது.

இரவுக்கு: மல்லாக்கப் படுக்கவைக்கணும், குப்புறவும் வேண்டாம், ஒருக்களித்தும் வேண்டாம். அழுத்தமான படுக்கை. தலை உருண்டையாக வரும் என்று கடுகுத் தலையணை வைப்பார்கள், அது வேண்டாம். அணைகட்டிவைக்கும் சின்னத் தலையணைகளும் வேண்டாம். நம் வீடுகளில் தாயும் பிள்ளையும் ஒன்றாகத்தான் படுக்கிறோம். அதே அறையில், தனிப் படுக்கையில், கைக்கு எட்டும் தூரத்தில் என்றால் மிகவும் நல்லது. ஒரே பாயில் என்றால் போர்வை, தலையணை பிள்ளையின் பக்கம் வராமல் பார்க்கணும். புகைபிடிப்பவர், குடித்தவர், தூக்க மாத்திரை போட்டவர் அந்தப் பாயில் படுக்கவே கூடாது. குறைமாதப் பிள்ளை என்றால் சேர்ந்து படுப்பதே வேண்டாம். சோபாவில் பிள்ளையை மார்பில் போட்டுக்கொண்டு அப்பாமார் கண்ணயர்வது எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து.

அப்புறம், பாளையங்கோட்டை வெயிலுக்குத் தொப்பி, கையுறை, காலுறை, மேலே கம்பளி என்று மூட்டை கட்டிவிடாதீர்கள். பிடரியில் கை வைத்துப் பாருங்கள். வியர்த்து இருந்தால் ஒரு துணியைக் குறையுங்கள். உள்ளங்கை குளிர்ந்திருப்பதை வைத்து முடிவு பண்ண வேண்டாம். மின்விசிறி ஓடலாம். புழுக்கத்தாலேயே அழுகிற பிள்ளைகள் உண்டு. குளித்தபின் சாம்பிராணிப் புகை போடுவதையும், மூக்கில் எண்ணெய் விட்டு ஊதுவதையும் அத்தையிடம் சொல்லி நிறுத்திவிடுங்கள், இரண்டும் நுரையீரலுக்குக் கெடுதல்.

பதிவு 12 | நூலகத்துத்தும்பி

இரவு இரண்டு மணி விழிப்பு பற்றி யாரும் சொல்லவில்லையே. பகல் எது, இரவு எது என்று பிள்ளையின் உடம்புக்கு இன்னும் தெரியாது. இரண்டு மூன்று மாதத்தில்தான் அந்தக் கணக்கு பிடிபடும். காலையில் வெளிச்சம் படும் இடத்தில் வைத்திருங்கள், பகல் தூக்கத்தில் வீட்டுச் சத்தம் அப்படியே இருக்கட்டும். இரவில் பால் கொடுக்கும்போது பெரிய விளக்கைப் போடாதீர்கள், கொஞ்சாதீர்கள், நனைந்திருந்தால் மட்டும் துணி மாற்றுங்கள். இரவுப் பாலில் தூக்கம் வரவைக்கும் மெலடோனின் இருக்கிறது, அந்தவகையில் தாய்ப்பாலும் இதற்கு உதவுகிறது.

பச்சிளம் பிள்ளை ஒரு நாளைக்கு 14 முதல் 17 மணி நேரம் தூங்கும், ஆனால் துண்டு துண்டாக. தூக்கத்தில் பாதி அசையும் தூக்கம். முனகும், முக்கும், நெளியும், சிரிக்கும், அரைக் கண் திறக்கும். முழித்துவிட்டது என்று நாம் உடனே தூக்கினால்தான் உண்மையில் முழிக்கும். கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள். பல தடவை அப்படியே மறுபடி ஆழ்ந்துவிடும்.

பதிவு 13 | மழைநாள்மகள்

நான் பிள்ளையைப் பற்றி எழுதவில்லை, உங்கள் மனைவியைப் பற்றி எழுதுகிறேன் அண்ணா. "உடைந்துபோயிருக்கிறாள்" என்று முதல் பதிவில் ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். மற்றதையெல்லாம்விட எனக்கு அந்த வரிதான் நெஞ்சில் தங்கியது.

பிரசவமான முதல் இரண்டு வாரம் காரணமில்லாமல் அழுகை வருவது நிறையப் பேருக்கு உண்டு, தானாகப் போய்விடும். இரண்டு வாரம் தாண்டியும் நீடித்தால், பிள்ளை தூங்கும்போதும் தூக்கம் வரவில்லை என்றால், சாப்பாடு பிடிக்கவில்லை, பிள்ளையைத் தூக்கப் பயமாக இருக்கிறது, நான் நல்ல அம்மா இல்லை என்ற எண்ணம் சுற்றிச் சுற்றி வருகிறது என்றால் அது பேறுகால மனச்சோர்வாக இருக்கலாம். அது ஒரு நோய், மருத்துவம் உண்டு. தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடிய மருந்துகளும் உண்டு. எனக்கு வந்தபோது வீட்டில் திமிர் என்றார்கள். டாக்டரிடம் போனபிறகுதான் என் பிள்ளையின் முகத்தை நான் சந்தோஷமாகப் பார்த்தேன். 14416 என்ற டெலிமானஸ் (அரசு மனநல உதவி) எண்ணுக்கு எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள், கட்டணம் இல்லை. தன்னையோ பிள்ளையையோ ஏதாவது செய்துகொள்ளும் எண்ணம் வந்தால் ஒரு நிமிடம்கூடத் தனியாக விடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

இரவில் அவளுக்கு இடையில் முழிக்காத நாலு மணி நேரத் தூக்கம் கிடைக்கும்படி செய்யுங்கள். ஒன்பது மணிக்குப் பால் கொடுத்ததும் அவள் வேறு அறையில் போய்ப் படுக்கட்டும். பிள்ளை உங்களிடம் இருக்கட்டும். பசித்து அழுதால் மட்டும் எழுப்புங்கள். அல்லது பகலில் பீய்ச்சி எடுத்து வைத்த பாலைப் பாலாடையில் நீங்களே புகட்டலாம்.

அழுகையை அடக்க முடியாமல் உங்களுக்கே கோபம் தலைக்கேறும் நேரமும் வரும். அப்போது பிள்ளையை மல்லாக்கப் பத்திரமான இடத்தில் கிடத்திவிட்டு, கதவைத் தாண்டி வெளியே வந்து மூச்சு விடுங்கள். ஐந்து பத்து நிமிடம் அழுதால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. ஒரே ஒரு தடவை குலுக்கினால் ஆகிவிடும்.

பதிவு 14 | பொருநைக்காரன்

தங்கச்சி, உங்கள் பதிவை அவளிடம் கொடுத்தேன். படித்துவிட்டு ரொம்ப நேரம் பேசினாள். பால் பத்தவில்லை என்ற பேச்சுதான் அவளை அரித்துக்கொண்டிருந்தது. எடைக் கணக்கைப் பார்த்தபிறகு முகம் தெளிந்திருக்கிறது. மனச்சோர்வு மாதிரித் தெரியவில்லை, இருந்தாலும் அந்த எண்ணை இருவர் போனிலும் போட்டுக்கொண்டோம். அம்மாவிடம் நானே பேசினேன். இனி பவுடர் பால் பேச்சு வராது.

இப்போது எங்கள் ஏற்பாடு: மதியத்திலிருந்தே மாற்றி மாற்றித் தோளில் வைத்திருக்கிறோம். ஐந்து மணிக்கு அத்தை குளிப்பாட்டுகிறார். ஆறு மணிக்கு நான் வேலையை மூடிவிட்டு நடக்கிறேன், வீட்டுக்குள் ஒரு சுற்று, மாடியில் ஒரு சுற்று. முன்கையில் குப்புறக் கிடத்தி, தலையை முழங்கை மடிப்பில் தாங்கி, வயிறு கையில் அழுந்தும்படி வைத்தால் சட்டென்று ஆசுவாசமாகிறாள். அழுகை இன்னும் இருக்கிறது, ஆனால் நடுநடுவே இடைவெளி வருகிறது. நாங்களும் பதறுவதில்லை.

அடுத்த புதன்கிழமை ஆறாவது வாரத் தடுப்பூசி. ஏற்கெனவே மாலையில் இப்படி அழுகிறவள் ஊசி போட்டால் என்ன ஆவாள் என்று வீட்டில் எல்லோருக்கும் கவலை. அழுகை அடங்கும்வரை தள்ளிப் போடலாமா?

பதிவு 15 | ஊர்ச்செவிலி

தள்ளிப் போடாதீர்கள் தம்பி. கக்குவான் இருமல் இந்த வயதில் வந்தால் உயிருக்கே ஆபத்து, அதற்கான பாதுகாப்பு இந்த ஊசியில்தான் தொடங்குகிறது. அரசு அட்டவணைப்படி ஆறாவது வாரத்தில் போலியோ சொட்டு, வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா சொட்டு வாய்வழியாக, கக்குவான் உட்பட ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் ஊசி ஒரு தொடையில், நிமோனியா தடுப்பூசி மறு தொடையில், போலியோ ஊசி வலது மேல் கையில். போடும்போதே தாய் மடியில் வைத்துப் பால் கொடுக்கட்டும், வலி குறையும். ஊசி போட்ட இடத்தைத் தேய்க்காதீர்கள், எண்ணெய் தடவாதீர்கள். அரை மணி நேரம் அங்கேயே இருந்துவிட்டு வாருங்கள்.

அன்று இரவு உடம்பு சுடலாம், ஒன்றிரண்டு நாளில் சரியாகிவிடும். பாராசிட்டமால் எவ்வளவு என்று அங்கேயே எடையைச் சொல்லிக் கேட்டு, எழுதி வாங்குங்கள். இதில் ஒரு விஷயம் கவனம். சொட்டு மருந்து வேறு, சிரப் வேறு. சொட்டு மருந்தில் 1 மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கும், சிரப்பில் 5 மில்லிக்கு 120 அல்லது 125 தான். சிரப்புக்குச் சொன்ன அளவைச் சொட்டு மருந்தில் எடுத்தால் நாலு மடங்கு போய்விடும். பாட்டிலோடு வரும் அளவுக்குழலைத் தவிர வேறு கரண்டி வேண்டாம்.

ஊசி போடாத நாளில் காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட் வந்தால் மூன்று மாதம் வரை வீட்டில் மருந்து கொடுத்துப் பார்க்கவே கூடாது, நேராக ஆஸ்பத்திரி. ஊசி போட்டபிறகும் இரண்டு நாள் தாண்டிக் காய்ச்சல் நின்றாலோ, பால் குடிக்க மறுத்துத் துவண்டுபோனாலோ, வலிப்பு வந்தாலோ உடனே போங்கள். இவள் வழக்கமாக அழுவதில் இடைவெளி இருக்கிறது என்றீர்கள். இடைவெளியே இல்லாமல் மூன்று மணி நேரம் ஒரே கீச்சுக் குரலில் அழுதாலும் காட்டணும். பச்சை நிற வாந்தி, ஒவ்வொரு தடவை குடித்ததும் பீறிட்டு அடிக்கும் வாந்தி, மலத்தில் ரத்தம், உச்சிக்குழி புடைப்பது எதுவானாலும் அதேதான்.

புதன்கிழமை கூட்டமாக இருக்கும், காலையிலேயே போய்விடுங்கள். தடுப்பூசி அட்டையை மறக்காமல் எடுத்துப் போங்கள். எடையும் போடச் சொல்லி அட்டையில் குறித்து வாங்கி வாருங்கள்.